அடித்துக்கொள்ளாத கதவு

அன்று படுக்கையறைக் கதவு அடித்துக்கொள்ளவில்லை.

வேலைக் களத்திலேயே குளித்து, வேலைத் துணியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, தலையீரம் காயாமல் வீட்டுக்குள் நுழைந்தவளுக்கு முதலில் உறைத்தது அந்த அமைதிதான். காற்று வழக்கம்போல ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அடுப்பங்கரையில் பால் பொங்கி வழிந்த வாசம். அதற்கும் அடியில், தீக்குச்சியை அணைத்ததும் மூக்கில் நிற்குமே, அப்படி ஒரு கரிந்த நெடி. வருஷக்கணக்காக மாமியாரைவிட அதிகமாகத் தொணதொணத்த கதவு, பாதி சாத்தியபடி வாயடைத்து நின்றது.

"கதவுக்கு ஒரு முட்டு குடுத்திருக்கேன். சத்தத்துல பாப்பா தூக்கம் கெடுதில்ல?" என்றான் புருஷன். அவளுடைய களத்திலேயே கிரேன் ஓட்டுகிறவன். பொய் சொல்லும்போது அவன் கைக்கு வேலை வந்துவிடும். இப்போது காலி டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

இருட்டறைக்குள் மகள் இருமினாள். ஒரு வாரமாக இந்த இருமல். பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த சளி என்று அவள் நினைத்திருந்தாள்.

கதவடியில் பழைய துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடந்தது. முழங்கை நீளம்கூட இல்லை. காலால் தள்ளினாள், அசையவில்லை. குனிந்து தூக்கியபோது அம்மிக் குழவியைப்போலக் கையைக் கீழே இழுத்தது. துண்டை விலக்கினாள். கறுத்த கம்பி. உடம்பெல்லாம் திருகாணிபோல மரை ஓடியிருந்தது. சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. அப்படியானால் இரும்பில்லை.

பழைய பீரங்கிப் பயிற்சித் திடலிலிருந்து வரும் கழிவைப் பிரிப்பதுதான் அவள் வேலை. டாங்கிக் குண்டின் பாகங்கள் அவளுக்குச் சமையல் பாத்திரம் மாதிரி அத்துப்படி: வெளியே கழன்று விழும் அலுமினியத் துண்டுகள், வாலில் இறக்கை, நடுவே இந்தக் கம்பி. அது டங்ஸ்டனாகவும் இருக்கலாம், யுரேனியமாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. சந்தேகம் வந்தால் தொடாமல் விலகி அதிகாரியைக் கூப்பிடவேண்டும். அரத்தால் உரசிப் பார்க்கவே கூடாது. யுரேனியம் என்றால் வெள்ளைப் பொறி பறக்கும், தூள் கிளம்பும். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால், போனதுதான்.

"இதையா வீட்டுக்குள்ள கொண்டுவந்தீங்க?"

"வெடிமருந்து எதுவும் இல்ல. வெறும் கம்பி. நல்ல கனமா இருந்துச்சு, அதான்."

"உரசினீங்களா?"

"இல்லையே."

கம்பியைத் திருப்பினாள். கறுப்பின் நடுவே ஒரு கீறல், இன்றைக்கோ நேற்றோ போட்டதுபோலப் பளபளத்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் சில. துண்டின் மடிப்பிலெல்லாம் மை மாதிரி தூள். தன் புருஷனையே பார்த்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்தவன், யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தான். டம்ளர் சுழன்றது.

"எத்தனை நாளா?"

"போன வாரம் கொண்டுவந்தேன்." குரல் இறங்கிவிட்டது. "டங்ஸ்டனான்னு பார்க்க ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தேன். பொறி பறந்துச்சு. பாப்பா கைதட்டிச் சிரிச்சா. அப்புறம் தினமும் கேட்டா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லம்மா."

அவனை அறையத் தோன்றியது. ஆனால் கையில் தூள். கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தாள். முதலில் மகளை வெளியே கொண்டுவரவேண்டும். குளிப்பாட்டவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கம்பியைக் கீழே வைக்கக் குனிந்தவள் அப்போதுதான் அதன் முனையைக் கவனித்தாள். கூராக இருக்கவேண்டிய முனை, கரும்பை முறித்ததுபோல ஒடிந்திருந்தது.

"இது பாதிதான். மீதி எங்க?"

டம்ளர் நின்றது.

"அரம் எங்க?"

அவன் கதவைப் பார்த்தான்.

உள்ளே ஒரு சத்தம்.

கர்ர்.

நின்றது. சின்ன இருமல். மறுபடியும்.

கர்ர்.

அவன் இங்கே இருக்கிறான். அவள் இங்கே இருக்கிறாள். உள்ளே வேறு யாரும் இல்லை.

கதவைத் தள்ளினாள். இருட்டு. கரிந்த நெடி முகத்தில் மோதியது. கட்டில்மேல் வெள்ளைப் பொறிகள் பூவாகக் கொட்டின. அந்த ஒரு நொடி வெளிச்சத்தில் மகள் தெரிந்தாள். மடியில் பொம்மைக் கவுன் போட்ட மீதிக் கம்பி. சின்னக் கையில் அப்பாவின் அரம். தலையணையெல்லாம் கறுப்பு. விரல்கள் கறுப்பு. சிரித்த உதடும், பல்லும் கறுப்பு.

"அம்மா, இங்க பாரு. ஊதினா இன்னும் நல்லா மின்னுது."

மடியில் குவிந்திருந்த தூளுக்கு மேலே குனிந்து, ஊதுவதற்காக, நெஞ்சு நிறையப் பெரிய மூச்சாக இழுத்தாள்.