பாலாடையும் ஆறு குட்டிகளும்

பெட்டியைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: ஃப்ளோரன்ஸ், வயது பத்து. அவளுடைய அம்மா சிலுவையம்மாள். அம்மாவின் இடுப்பில் தம்பி அம்புரோஸ், ஐந்து மாதம். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த அப்பா ஜேக்கப், தலையிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட. யாரும் கூப்பிடாமலே வந்து நின்ற பக்கத்து வீட்டு மலிகா, அவளுக்கும் வயது பத்து. பெட்டிக்குள் லாப்ரடார் நாய்க்குட்டிகள் ஆறு. மூன்று கறுப்பு, மூன்று மஞ்சள். பிறந்து ஒன்பது நாள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை.

குட்டிகளின் தாய் அங்கே இல்லை. டெய்சி என்ற அந்த நாயை அன்று காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது.

"இது இன்னாடி, பெருச்சாளி மாரி கீது," என்றாள் மலிகா.

"பெருச்சாளி இல்ல. மேனேஜர் வூட்டு நாயி," என்றார் அப்பா. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை மேனேஜருக்கு அவர் கார் ஓட்டினார். "அங்க பாத்துக்க ஆள் இல்ல. சமையல்கார கன்னியம்மா ஊருக்குப் போயிருக்கு. வர எட்டு நாளாவும். அதுவரைக்கும் நம்ம வூட்ல வெச்சிக்கச் சொன்னாரு. பொழச்சதக் கொண்டா, போனதப் பொதச்சிடுன்னாரு."

"போனத இன்னாத்துக்கு நைனா இப்பவே சொல்றாரு?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"பெரிய மனுசங்க எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சி வெச்சிருப்பாங்க."

அரைப்பரீட்சை லீவு. திருவொற்றியூரில் நான்கு நாளாக மழை விடவில்லை. ஃப்ளோரன்ஸ் பெட்டிக்குள் கைவிட்டாள். ஆறும் அவள் கையை நோக்கி ஊர்ந்து வந்து, விரல்களை முட்டி முட்டித் தேடின. எதைத் தேடுகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. அது அவளிடம் இல்லை.

"நான் பாத்துக்கறேன். ஆறையும் பொழைக்க வெக்கறேன்," என்றாள்.

அம்மா சிரித்தாள். "நானும் கீறேன் இல்ல? பாலாடைய எடுத்தா."

பாலாடை என்பது ஒரு பக்கம் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். அதை வைத்துக் குழந்தைக்குப் பால் ஊட்டுவதில் அந்தத் தெருவிலேயே சிலுவையம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. தாய்க்குப் பால் சுரக்காத வீடு, தாய் படுத்த படுக்கையாகிவிட்ட வீடு, எங்கே என்றாலும் அவளைத்தான் அழைப்பார்கள். அவள் காலை நீட்டி உட்காருவாள். குழந்தையை இரண்டு காலுக்கும் நடுவில் மல்லாக்கப் போடுவாள். பாலாடையை உதட்டோரம் வைத்துச் சாய்ப்பாள். குடிக்க மறுத்தால் மூக்கை ஒரு விநாடி பிடிப்பாள். வாய் திறக்கும். பால் இறங்கும். அம்புரோஸ் அப்படி வளர்ந்தவன்தான். ஃப்ளோரன்ஸும் அப்படித்தான்.

அன்றும் சிலுவையம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். சர்ச்சில் கொடுக்கும் பால்பவுடரை வெந்நீரில் கரைத்தாள். முதல் குட்டியை மல்லாத்தினாள். அது நான்கு காலையும் உதைத்தது.

"இருடா கண்ணு, இருடா," என்று பாலாடையைச் சாய்த்தாள்.

குட்டி தும்மியது. பால் உள்ளே போனது. மறுபடி தும்மியது.

"பாத்துக்க. கழுத்த இப்படிப் புடி. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ஊத்து," என்றாள் அம்மா.

ஃப்ளோரன்ஸ் பார்த்துக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். அதுதான் தவறாகப் போயிற்று.

அப்பா வேறொரு விஷயம் சொன்னார். பால் குடித்ததும் டெய்சி ஒவ்வொரு குட்டியின் அடிவயிற்றையும் நக்குமாம். நக்கினால்தான் அவை ஒன்றுக்குப் போகுமாம்.

"நக்குறதுக்கு நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் மலிகா.

"ஈரத்துணி போதும்டி."

வெந்நீரில் துணியை நனைத்துத் தேய்த்ததும் முதல் குட்டி மலிகாவின் பாவாடையில் போனது. மலிகா குட்டியைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள். "நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள்.

அன்று எல்லோரும் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

மறுநாள் ஒரு மஞ்சள் குட்டி செத்துக் கிடந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டு கறுப்பு. சாவதற்கு முன் அவற்றின் நெஞ்சில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. உடம்பு முதலில் கொதித்தது. பிறகு ஜில்லென்று ஆகிவிட்டது.

"குளிரு," என்றார் அப்பா.

வெந்நீர் ஊற்றிய பாட்டிலைக் கோணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மலிகா தன் வீட்டுக் கோழி போட்ட முட்டையைக் கொண்டுவந்தாள். "கோழிக்கும் தெரியாது, எங்கம்மாவுக்கும் தெரியாது," என்றாள். மஞ்சள் கருவைப் பாலில் அடித்துக் கலந்தார்கள். ஃப்ளோரன்ஸ் காலை நீட்டி உட்கார்ந்து, அம்மா சொல்லிக் கொடுத்தபடி ஒரு துளி சிந்தாமல் ஊற்றினாள்.

ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து மணலில் கொட்டாங்கச்சியால் குழி தோண்டினார்கள்.

"நாய்க்குச் சிலுவை போடலாமா?" என்று மலிகா கேட்டாள்.

"தெரியல."

"போட்டு வெய்யி. யாராவது கேட்டா எடுத்துக்கலாம்."

ஃப்ளோரன்ஸ் குச்சியை ஒடித்துச் சிலுவை கட்டினாள். மூன்று கட்டி முடித்ததும், இன்னும் எத்தனை கட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றியது. மீதிக் குச்சிகளை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

நான்காவது நாள் மத்தியானம் இன்னொரு மஞ்சள் குட்டி அவள் மடியிலேயே செத்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் பால் ஊற்றியிருந்தாள். அதைத் தூக்கியபோது தலை தொங்கியது. இரண்டு மூக்குத் துவாரத்திலிருந்தும் பால் வழிந்து அவள் முழங்கையில் இறங்கியது.

அவள் அந்தப் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுகை வந்தால் தேவலாம் போலிருந்தது.

பெட்டியில் மீதி இருந்தவை ஒரு கறுப்பு, ஒரு மஞ்சள். கறுப்புக் குட்டியை எடுத்துக் கோணியில் மல்லாத்தினாள். அது உடம்பை முறுக்கிக் குப்புறத் திரும்பியது. மறுபடி மல்லாத்தினாள். மறுபடி திரும்பியது. கண் தெரியாது, நிற்கக் காலில் வலு கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் விடாமல் திரும்பியது. நான்கு நாளும் இதையேதான் செய்துகொண்டிருந்தது. பால் வேண்டாம் என்று உதைக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

"மலிகா. நாய் எப்பவாவது மல்லாக்கப் படுத்துப் பால் குடிச்சி நீ பாத்திருக்கியா?"

மலிகா யோசித்தாள். "குட்டிங்க வரிசையா குப்புறப் படுத்துத்தான் குடிக்கும். காலால அம்மா வயித்த மிதிக்கும்."

ஃப்ளோரன்ஸ் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, குளிரு இல்ல. நம்ம ஊத்தற பாலு வயித்துக்குப் போவல. மூக்கு வழியா நெஞ்சுக்குப் போவுது. மல்லாத்தறதாலதான் சாவுது."

அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "முப்பது புள்ளைக்கு ஊத்தி கீறேன்டி நானு. ஒண்ணுக்குப் பொறை ஏறினது இல்ல."

"அது புள்ளம்மா. இது நாய்க்குட்டி."

அம்மா களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். ஃப்ளோரன்ஸுக்கு, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இருந்தது. ஆனால் பெட்டியில் இன்னும் இரண்டு இருந்தன.

அவள் திரும்பி வந்து கறுப்புக் குட்டியைக் குப்புறப் படுக்க வைத்தாள். விரலைப் பாலில் தோய்த்து வாயருகே நீட்டினாள். குட்டி தலையைத் தூக்கிச் சப்பியது. விரலில் நிற்கிற பால் எவ்வளவு? அது அழுதது. அவள் மறுபடி தோய்த்தாள். மறுபடி அழுதது.

பின்னால் துணி கிழியும் சத்தம் கேட்டது. அம்மா தன் பழைய உள்பாவாடையில் மெல்லிய பக்கமாகப் பார்த்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழித்ததை விளக்குத் திரி போலத் தடிமனாகத் திரித்தாள். ஒரு முனையைப் பாலுக்குள் போட்டு, மறு முனையை ஃப்ளோரன்ஸின் கையில் கொடுத்தாள்.

குட்டி திரியைக் கவ்வியது. இரண்டு முன்னங்கால்களாலும் ஃப்ளோரன்ஸின் உள்ளங்கையை மாறி மாறி மிதித்தது. தும்மவில்லை. வயிறு உருண்டையாகும்வரை குடித்துவிட்டுத் திரியை வாயில் வைத்தபடியே தூங்கிவிட்டது.

மஞ்சள் குட்டியும் அன்று திரியில் குடித்தது. ஆனால் அதன் நெஞ்சில் கரகரப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. சரியான வழி தெரிந்த பிறகும் இரண்டு நாள் இருந்துவிட்டு அதுவும் செத்தது. அதற்குக் குழி தோண்ட மலிகா மட்டும் போனாள். ஃப்ளோரன்ஸ் போகவில்லை. கறுப்புக் குட்டிக்குப் பால் நேரமாகியிருந்தது.

"இதுக்கு இன்னா பேரு?" என்று திரும்பி வந்த மலிகா கேட்டாள்.

"பேரு வேணாம்."

எட்டு நாள் முடிந்தது. குட்டிக்கு இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. கன்னியம்மா ஊரிலிருந்து வந்துவிட்டதாக அப்பா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃப்ளோரன்ஸ் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, குட்டியைத் துணியில் சுற்றி வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் பங்களாவின் சமையலறைப் பின்வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். மேனேஜரும் வந்து கதவருகே நின்றார்.

"ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"மழையில குளிரு தாங்கலைங்கய்யா," என்றார் அப்பா.

"குடு இப்படி," என்று கன்னியம்மா குட்டியை வாங்கினாள். "இந்த வூட்டு ரெண்டு புள்ளைங்களையும் வளத்தது இந்தக் கைதான். இத வளக்க மாட்டேனா?"

அவள் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். குட்டியைக் கால் நடுவில் மல்லாத்தினாள். பக்கத்தில் வெள்ளிப் பாலாடையில் பால் தயாராக இருந்தது. குட்டி உதைத்தது.

"மல்லாத்தி ஊத்தாதீங்க," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"எனக்கே பாடமா? உங்க நைனாவே பொறக்காத காலத்துலருந்து நான் பால் ஊத்திக்கினு கீறேன். நவுரு பொண்ணு, வெளிச்சத்த மறைக்காத."

"ஃப்ளோரா, சும்மா இரு," என்றார் அப்பா மெதுவாக.

"நல்லாப் பாத்துகிட்டே. அது போதும்மா," என்றார் மேனேஜர். "ஜேக்கப், பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

பாலாடை குட்டியின் உதட்டுக்கு வந்துவிட்டது. கன்னியம்மாவின் இன்னொரு கை மூக்கைப் பிடிக்கப் போனது.

"குளிர்ல சாவல," என்றாள் ஃப்ளோரன்ஸ். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நைனாவுக்குத் தெரியாது. நான்தான் சாவடிச்சேன். அஞ்சையும். இப்படியேதான் மல்லாத்தி ஊத்தினேன்."

அம்மாவின் பெயரை அவள் சொல்லவில்லை.

அப்பா தரையைப் பார்த்தார். மேனேஜர் அப்பாவைப் பார்த்தார். கன்னியம்மா மட்டும் ஃப்ளோரன்ஸைப் பார்த்தாள்.

"மூக்குல பால் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நெஞ்சு கரகரன்னுச்சா?"

"எல்லாத்துக்கும்."

கன்னியம்மா பாலாடையைக் கீழே வைத்தாள். குட்டியைப் பார்த்தாள். அது அதற்குள் அவள் காலிடுக்கில் குப்புறத் திரும்பியிருந்தது.

"அப்ப நீ ஊத்திக் காமி," என்றாள்.

மேனேஜர் உள்ளே போய்விட்டார். ஃப்ளோரன்ஸ் பாவாடை முடிச்சிலிருந்து திரியை எடுத்தாள். பாலில் போட்டாள். குட்டியைக் குப்புறப் போட்டு, வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்தாள். அது கவ்விக் குடித்தது. காலால் மிதித்தது. பாதியில் திரியைக் கன்னியம்மாவின் கையில் கொடுத்தாள். குட்டி நிறுத்தவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கை மாறியது அதற்குத் தெரியவில்லை.

ஃப்ளோரன்ஸ் அதைப் பார்த்தாள். நல்லது என்று நினைக்க முயன்றாள். கொஞ்சம் முடிந்தது.

அவள் எழுந்து படியிறங்கினாள். அப்பா சைக்கிளைத் திருப்பி வைத்திருந்தார்.

குட்டியை ஒரு கையில் அணைத்தபடி கன்னியம்மா எழுந்து கதவருகே வந்தாள். "எத்தினி மணிக்கு ஒருக்கா?"

"மூணு மணிக்கு ஒருக்கா. அப்புறம் வயித்துல ஈரத்துணி."

"சரி. போய்ட்டு வா. மல்லாத்த மாட்டேன்."

கன்னியம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றிப் பூட்டியது.