கார்த்தஹேனா மதிலில் எடுத்த படம்

"எங்க வூட்டுக்காரரு கடல்ல போயிட்டாருன்னு சொல்றாங்க. நாளைக்குக் கருமாதி, தாலியக் கழட்டணும். பொணத்தைக் கண்ணால பார்க்கல. எனக்கு அழுகையே வரலீங்க, மரத்துப் போயிருக்குது. நெசமாவே செத்தாரான்னு மட்டும் சொல்லுங்க."

அம்சவல்லி நிதானமாகச் சொல்லி முடித்தாள். துப்பறியும் தேவநாதன் தலையசைத்தார். அவருடைய உதவியாளர் வெண்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருந்தவர் அவள் கணவர் பாண்டியன். பொம்மைக்கு ஆர்டர் பிடிக்கக் கூட்டாளி தர்மராஜோடு கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனாவுக்குப் போனார். திரும்பி வந்தது தர்மராஜ் மட்டும்.

கூப்பிட்டதும் தர்மராஜ் வந்தார். மேசையில் படங்களைப் பரப்பினார். பழைய கோட்டை மதில், பீரங்கிகள், பூ தொங்கும் பால்கனிகள். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் உச்சியில் கொப்பளிக்கும் சேற்றில் கழுத்துவரை முங்கிச் சிரிக்கும் பாண்டியன். கடைசிப் படத்தில் அவர் மதில்மேல் நிற்கிறார். பின்னால் கடலைத் தொட்டபடி சூரியன், மூலையில் தேதி.

"அன்னிக்கு விடியக்காலைல எடுத்தது, சார். கையோட குளிக்க எறங்குனாரு, அலை இழுத்துக்கிச்சு. விசா முடிஞ்சுது, மத்தியானமே நான் பிளைட்டு ஏறிட்டேன்."

"இவருதான் தள்ளியிருப்பாரு," என்று வெண்பா கிசுகிசுத்தாள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் கொலைகாரர்தான்.

தேவநாதன் உலகப்படத்தை விரித்தார். "கடலூர்ல சூரியன் எப்பம்மா கடலைத் தொடும்?"

"காலைல, சார்," என்றாள் வெண்பா.

"நமக்குக் கடல் கிழக்கே. கார்த்தஹேனாவுக்கு மேற்கே. அங்க இப்படித் தெரிஞ்சா அது சாயங்காலம். படத்துல இருக்கறதும் அதே தேதி. காலைல செத்தவரு சாயங்காலம் மதில்மேல நிக்கிறாரு. மத்தியானமே கெளம்புன உங்க கைக்கு இந்தப் படம் எப்படிங்க வந்துது, தர்மராஜ்?"

தர்மராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவருதான் இமெயில்ல அனுப்புனாரு. செத்துட்டேன்னு சொல்லிடுன்னாரு. நம்ம ஊரு நெனப்புல காலைன்னுட்டேன்."

"படம் புடிச்சது யாரு?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"அங்க... ஒரு பொண்ணு, அண்ணி."

வெண்பா துள்ளி எழுந்தாள். "அக்கா, அவரு உசுரோட இருக்காரு! கருமாதிய நிறுத்திடலாம்!"

அம்சவல்லிக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மெல்ல எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எதுக்கு நிறுத்தணும்? நடக்கட்டும்." பிறகு தர்மராஜைப் பார்த்தாள். "நீங்களும் வந்துடுங்க. சாப்புட்டுட்டுதான் போவணும்."