சுரைப்பூவின் விருந்தாளி

ஆறு மணிக்கு எழுந்தோம். பால் காய்ச்சினேன். மகளுக்கு இரட்டைச் சடை பின்னினேன். வழக்கம்போல இடது சடை கோணல். அவள் ஒரு ஷூவைத் தேடினாள். அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. பிறகு வீட்டின் பின்பக்கம் போய்ச் சுரைக்கொடியைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கும் மூணு விழுந்திருச்சு."

விரல் நீளப் பிஞ்சுகள். மஞ்சளாகிச் சுருங்கியிருந்தன.

அவளுக்கு ஒன்பது வயது. ஒல்லி. எதையும் குத்திக் குத்திக் கேட்பாள். அதனால் வீட்டில் அவள் குண்டூசி. அவள் அம்மா எடுத்து வைத்த விதைகளில் முளைத்தது இந்த ஒரு கொடிதான். அம்மா இப்போது இல்லை. ஒரு காயாவது முற்றினால்தான் அடுத்த வருடத்துக்கு விதை.

"நீங்க லைட் மாட்டின பிறகுதான் விழுது," என்றாள்.

நான் எலக்ட்ரீஷியன். செடிக்கு வெளிச்சம் நல்லது, இரவிலும் கிடைத்தால் இன்னும் நல்லது என்று நினைத்து, மாடிப்படி ஓரமாக, கொடிக்கு நேர் மேலே பெரிய விளக்கு மாட்டியிருந்தேன். எனக்கு ரோஷம் வந்தது.

"லைட் என்ன, காயைக் கடிச்சுத் தின்னுதா?"

"தெரியல. சாயங்காலம் கண்டுபிடிக்கிறேன்."

சாயங்காலம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். வெள்ளைப் பூக்கள் அப்போதுதான் விரிந்தன.

"தேனீ எல்லாம் தூங்கப் போயிருச்சு. பூ இப்ப யாருக்காகத் திறக்குது?"

துணி மடிக்க உள்ளே போனேன். இரண்டு சட்டைதான் மடித்திருப்பேன்.

"அப்பா! ஓடி வாங்க! சத்தம் போடாம ஓடி வாங்க!"

விளக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அந்துப்பூச்சிகள். கிறுக்குப் பிடித்தது போலச் சுற்றின, முட்டின, விழுந்தன.

"துணியை அரிக்கிற பூச்சி," என்றேன்.

"ஐயோ, அது வேற அந்து! இவங்கதான் விருந்தாளி. பூ வீட்டுக்கு வந்தவங்களை உங்க லைட்டு வாசல்லயே மயக்கிருச்சு. அணைங்கப்பா!"

அணைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவள் என் கையைக் கிள்ளினாள்.

தடித்த பழுப்புப் பூச்சி ஒன்று வந்தது. பூவில் உட்காரவில்லை. காற்றிலேயே நின்றது. சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டியது. அதன் உடம்பை விட நீளம்!

"ஸ்ட்ரா! சொந்த ஸ்ட்ரா வெச்சிருக்கு!" கத்தக் கூடாது என்பதற்காக அவள் குதித்தாள்.

பூச்சியின் முகமெல்லாம் மகரந்தம். அதோடு அடுத்த பூவுக்குப் போனது. அந்தப் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தது.

"மகரந்தம் போய்ச் சேர்ந்தாதான் பிஞ்சு காயாகும், டீச்சர் சொன்னாங்க. அப்பா, சேர்ந்திருச்சு!"

"எவன்டா அது லைட்டை அணைச்சது?" மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. மேல் வீட்டுத் தையல்கார அக்கா, கையில் துணி மூட்டையோடு. "என் காலை உடைச்சிட்டு நீயா வந்து மெஷின் மிதிப்பே?"

நான் சுவிட்சுக்குப் போனேன். குண்டூசி குறுக்கே நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு எந்தப் படியில வெளிச்சம் வேணும்?"

"எல்லாத்துலயும்தான். கடைசிப் படி ரொம்ப மோசம், பாதி உடைஞ்சு கிடக்கு."

"கொடி மேல வேணுமா?"

"நான் ஏன்டி கொடி மேல நடக்கப் போறேன்?"

குண்டூசி உள்ளே ஓடிக் காலி பால்பவுடர் டின்னோடு வந்தாள். "இதை லைட்டுக்குத் தொப்பியா மாட்டுங்கப்பா. வெளிச்சம் படிக்கு மட்டும்."

பெரிய விளக்கைக் கழற்றினேன். படிச் சுவரில் சின்ன பல்பு பொருத்தி, டின்னை வெட்டி மாட்டினேன். கடைசிப் படிக்குச் சிமெண்டும் பூசினேன். அக்கா நான்கு முறை ஏறி இறங்கிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, உங்கப்பனுக்கும் வேலை தெரியுது!"

ஐந்தாம் நாள் காலை நான் சடை பின்னிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து ஓடிவிட்டாள்.

"அப்பா! பெருசாயிருச்சு! என் கையளவு! பச்சையா இருக்கு!"

அன்றைக்கு இரண்டு சடையும் கோணல்.

அந்தக் காயை நாங்கள் பறிக்கவில்லை. விதைக்கு விட்டிருக்கிறோம். நேற்று இருட்டியதும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறை வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொடி மேல் விழுந்தது. குண்டூசி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"லைட்டை அணைங்கப்பா. அவங்களுக்கு இப்பதான் விடியுது."