ஒரு முறை அடித்தால் நிறுத்து

நவம்பர் பதினொன்றாம் தேதி மாலை நாலு இருபதுக்கு பஸ்ஸர் ஒரு முறை ஒலித்தது.

ஆசென் அப்போது வண்டியின் பின்கூட்டுக்குள் மண்டியிட்டு, மூன்றாவது ஸ்ட்ரெச்சரின் இரும்புத் தாங்கியை கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தான். விரலை எடுத்தான். சக்கரம் சுற்றி ஓய்ந்தது. எரிந்த பெயின்ட்டின் வாசனையும், அதற்கு அடியில் பழைய கிருமிநாசினியின் வாசனையும், அதற்கும் அடியில் நனைந்த கம்பளியின் வாசனையும் கூட்டுக்குள் நின்றன. பஸ்ஸர் முன்பக்கம், ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்தது. அது ஒலிக்க வழியில்லை. பேட்டரி வண்டியில் இல்லை. பட்டறை மேசைமேல் சார்ஜில் கிடந்தது.

சற்று நேரம் காத்திருந்தான். மறுபடி ஒலிக்கவில்லை. முழங்கால் வலித்தது. வயது அறுபத்தொன்று. கிரைண்டரிலிருந்து மின்சாரம் தகட்டில் கசிந்திருக்கும் என்று நினைத்தான். அதை யோசிக்கவும் சோர்வாக இருந்தது. மீதியை அறுத்து முடித்தான்.

ராணுவம் கழித்துவிட்ட ஆம்புலன்ஸ் அது. நான்கு சக்கரமும் இழுக்கும். ஏலத்தில் எடுத்து, இரண்டு மாதமாக அதனுடன் கிடந்தான். பிரேக் குழாய்களை மாற்றினான், கியர்பெட்டியைப் பிரித்துப் பூட்டினான். பின்னால் இடமும் வலமும் மேலும் கீழுமாக நான்கு ஸ்ட்ரெச்சர்கள் இருந்தன. இடப்பக்கக் கீழ்ப் படுக்கையை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எடுத்தான். அந்தப் படுக்கை அவன் மனைவி நெவெனாவுக்கு.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் மலைக்கு அந்தப் பக்கம் நகரத்து மருத்துவமனையில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுக்க வேண்டும். வெயில் காலத்தில் மருத்துவமனை வேன் வந்து கூட்டிப் போகும். பனி விழுந்தால் கணவாய்க்கு மேலே வராது. போன குளிர்காலம் தொடர்ந்து இரண்டு முறை தவறிப்போயிற்று. நுரையீரலில் நீர் ஏறி, அவள் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்ததை ஒரு ராத்திரி முழுவதும் ஆசென் பக்கத்தில் நின்று பார்த்தான். மூன்றாவது முறையும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வண்டி வாங்கினான்.

மறுநாள் கான்சோ வந்தான். பள்ளித் தோழன். கட்டாய ராணுவச் சேவையில் இரண்டு வருஷம் இப்படி ஒரு வண்டியைத்தான் ஓட்டினான்.

"என்னடா, ஆஸ்பத்திரியை அறுத்து அரண்மனை கட்டுறியா?"

"சன்னல் வைக்கப் போறேன். இந்த நடுத்தகட்டுல. அவளைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும்."

"கண்ணாடி வைச்சுட்டு ரோட்டைப் பாருடா. நாப்பது வருஷமா அவளைத்தானே பார்க்கிறே."

ஆசென் பஸ்ஸர் ஒலித்ததைச் சொன்னான். கான்சோ சிரித்தான்.

"எத்தனை தடவை?"

"ஒண்ணு."

"ஒண்ணுன்னா நிறுத்துன்னு அர்த்தம். நீ யாரோட கட்டிலையோ அறுத்திருக்கே, அவன் நிறுத்தச் சொல்றான்."

"வாயை மூடு."

"நிஜமாத்தான்டா. பின்னாடி ஒரு மருத்துவச் சிப்பாய் உட்கார்ந்திருப்பான். ஓட்டுறவனுக்குக் காதுல எதுவும் விழாது, இன்ஜின் அப்படி. அதனால பட்டன். ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா கிளம்பு. மூணு அடிச்சா வேகமா மிதி."

"அவ்வளவுதானா?"

கான்சோ தலையை மேலே தூக்கி நாக்கைச் சப்புக்கொட்டினான். இல்லை என்று.

"நாலும் உண்டு. நாலு அடிச்சா இனி அவசரமில்லேன்னு அர்த்தம். மெதுவா ஓட்டலாம். பள்ளத்துல வண்டி குதிச்சாலும் பரவாயில்லே."

நெவெனா பட்டறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. வீங்கிய காலில் அவனுடைய பழைய பூட்ஸ்.

"நான் நாலு அடிச்சா, நீ கடையில நிறுத்தி நிதானமா சிகரெட் வாங்கிக்கோ" என்றாள்.

கான்சோ சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஆசெனுக்கு இடது காது கேட்காது. முப்பது வருஷம் காட்டில் மரம் அறுத்த ரம்பம் தின்ற காது. புதிதாக வரும் பஸ்ஸர்கள் குருவி மாதிரி கத்தும், அவனுக்கு எட்டாது. பழையது கரகரவென்று தாடை எலும்பில் இறங்கும். அதனால் அதையே வைத்துக்கொண்டான். வயரை மட்டும் மாற்ற அதைக் கழற்றினான்.

பஸ்ஸருக்குப் பின்னால் இருந்த தகட்டில் கீறல்கள் இருந்தன. ஆணியாலோ திருப்புளியாலோ, பச்சைப் பெயின்ட்டில் வெள்ளையாகத் தெரியும்படி, நான்கு நான்கு கோடுகளாக. எத்தனை நான்குகள் என்று விரல் வைத்து எண்ணினான். பதினொன்று. யாரோ ஒரு ஓட்டுநர். ஒவ்வொரு முறையும் பஸ்ஸரைக் கழற்றி, கீறி, திரும்பப் பூட்டியிருக்கிறான்.

ஆசென் அதன்மேல் இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தான்.

பெயின்ட் காய்ந்தபின் பஸ்ஸரைப் பூட்டும்போது கட்டைவிரல் மேடுபள்ளத்தில் நகர்ந்தது. எண்ணினான். பன்னிரண்டு வந்தது. முதலில் தப்பாக எண்ணியிருப்பான். களைத்தவன் கணக்கு அப்படித்தான். திருகைப் பூட்டி முறுக்கினான்.

நெவெனாவின் கைக்கு எட்டும்படி, படுக்கை ஓரத்தில் புதுப் பட்டன் வைத்தான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள நடுத்தகட்டில் ஒரு கை நீளத்துக்கும் ஒரு கை உயரத்துக்கும் வெட்டிக் கண்ணாடி பொருத்தினான். படுக்கையின் தலைமாடு அந்தக் கண்ணாடியை ஒட்டி இருந்தது. படுத்துப் பார்த்தாள்.

"உன் பின்மண்டை நல்லாத் தெரியுது, ஆசென். வழுக்கை."

"பட்டனை அமுக்கிப் பாரு."

ஒரு முறை. தெளிவாக, கரகரப்பாக. அவன் தலையசைத்தான். மேலே மறுபடி ஒரு முறை.

"ஒண்ணு போதும்" என்றான்.

"ஒண்ணுதானே அடிச்சேன்."

ஸ்விட்ச் புதிது, ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டான். கழற்றித் துடைத்து மாட்டினான். அதற்குப் பிறகு சரியாக இருந்தது. சோதனை நிலையத்தில் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் மூன்றாம் தேதி பனி முழங்கால் வரை விழுந்தது. காலை எட்டுக்கு மருத்துவமனையிலிருந்து போன். வேன் வராது.

ஆசென் இன்ஜினைச் சூடாக்கினான். புறப்படும்போது செம்பில் தண்ணீர் கொண்டுவந்து சக்கரத்தின் முன் கொட்ட வேண்டும், பயணம் தண்ணீர்போல் ஓடட்டும் என்று. வழக்கமாக வீட்டில் இருப்பவர் கொட்டுவார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நெவெனாவே கொட்டினாள். ஒரு நாளைக்கு அவளுக்கு அனுமதி இரண்டு கோப்பைத் தண்ணீர்.

"நான்தான் குடிக்கக் கூடாது. இது குடிக்கட்டும்" என்றாள்.

தண்ணீர் பனியில் குழி பறித்து இறங்கியது. அவன் அவளைத் தூக்கிப் படுக்கையில் வைத்து, கம்பளி போர்த்தி, கதவைச் சாத்தினான்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. வண்டி பனியை உழுதுகொண்டு ஏறியது. கண்ணாடியில் அவள் கையை ஆட்டினாள். மருத்துவமனையில் இயந்திரத்தோடு படுத்தாள். நாலு மணி நேரம் அவன் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினான். கனவில்லை.

நாலரைக்குத் திரும்பக் கிளம்பினார்கள். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, படுக்கவைத்துக் கூட்டிப் போங்கள் என்று நர்ஸ் சொன்னாள். நெவெனாவின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. சிகிச்சை முடிந்த நாளெல்லாம் அப்படித்தான்.

ஏற்றம் தொடங்கியபோது இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்துக்குள் பனி குறுக்காக வந்து விழுந்தது, வைப்பர் தேய்த்தது, ஹீட்டர் டீசல் வாசனையை ஊதியது, இருபுறமும் ஃபர் மரங்கள் கனத்துத் தொங்கும் கிளைகளோடு வெளிச்சத்துக்கு வந்து வந்து பின்னால் போயின. ஊரிலிருந்து எதிரே எந்த வண்டியும் வரவில்லை. போனில் சிக்னல் இல்லை.

பஸ்ஸர் ஒரு முறை ஒலித்தது.

நிறுத்தினான். இறங்கி, பனியில் கால் புதையப் பின்னால் போய்க் கதவைத் திறந்தான். அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன?"

"நீ அடிச்சே."

"நான் தூங்கிட்டிருந்தேன்."

அவள் கைகள் இரண்டும் கம்பளிக்குள் இருந்தன. அவன் கதவைச் சாத்தி முன்னால் வந்து உட்கார்ந்தான். இன்ஜின் துடித்துக்கொண்டிருந்தது. மேலே பஸ்ஸர் இரண்டு முறை ஒலித்தது.

கிளம்பினான். கிளம்பியபிறகுதான், சொன்னதைக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

இரண்டு வளைவு தாண்டி மறுபடி ஒன்று. நிறுத்தினான், போனான். பின்கூட்டில் நனைந்த கம்பளியின் வாசனை. அவள் மேல் இருந்தது புதுக் கம்பளி, உலர்ந்தது.

"ஆசென், என்னைக் கொஞ்சம் தூங்க விடு. அந்தச் சனியன் தலைக்குள்ள கத்துது. வெட்டி விடேன்."

"வெட்டினா நீ எப்படிக் கூப்பிடுவே?"

"கூப்பிட என்ன இருக்கு? ஒரு மணி நேரத்துல வீடு. எனக்குக் குளிருது, கதவைச் சாத்து."

அவன் முன்னால் வந்தான். பஸ்ஸருக்குப் போகும் வயர்கள் இரண்டையும் பிடித்து, கட்டிங் பிளேயரால் வெட்டினான். சிவப்பு. கறுப்பு. முனைகள் தொங்கின. அது சரியான முடிவு என்று பட்டது. முப்பது வருஷம் இயந்திரங்களோடு வாழ்ந்தவன். பழுதானால் வெட்டி விடுவது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. களைத்தவன் வேறென்ன செய்வான்.

கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். கீழே, இடது மூலையில், அவள் மூச்சு பட்டு ஒரு உள்ளங்கை அளவு பனித்திருந்தது. சுருங்கியது. விரிந்தது. நிம்மதியாக இருந்தது.

கணவாய் உச்சியில் காற்று வண்டியைத் தள்ளியது.

பஸ்ஸர் மூன்று முறை ஒலித்தது.

வயர்களைப் பார்த்தான். தொங்கின. ஒன்றையொன்று தொடவில்லை. வண்டியின் ஆட்டத்துக்கு ஆடின.

மூன்று முறை.

மிதித்தான். நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் மூன்றென்றால் மிதி. யார் சொன்னாலும், அவளுக்காகத்தான் சொல்கிறார்கள். அப்படித்தான் நினைத்தான். இறக்கத்தில் வண்டி வழுக்கியது. ஸ்டியரிங்கை ஒடித்தான், மரம் ஒன்று பக்கக் கண்ணாடியை உரசிப் போனது. மூன்று முறை. வாயில் இரும்பு ருசி. மூன்று முறை. மூன்று. இடைவெளி இல்லை. ஊரின் முதல் விளக்கு கீழே தெரிந்தது. மஞ்சளாக. இன்னும் ஆறு வளைவு. ஐந்து.

நின்றது.

அமைதி. இன்ஜின். வைப்பர்.

பிறகு மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

சாலையைப் பார்த்தபடி வாயைத் திறந்து காத்திருந்தான்.

நான்கு.

கால் தானாகவே மேலே வந்தது. வண்டி மெதுவானது. பனியில் மிருதுவாக நின்றது. இன்ஜினை அணைத்தான். காற்று. தகடு குளிர்ந்து டிக் டிக்கென்று சுருங்கும் ஓசை. நல்ல காதை நடுத்தகட்டுப் பக்கம் திருப்பினான். மூச்சு கேட்டது. ஒருவருடையது அல்ல.

திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடியில் மேலே இடது மூலையில், உள்ளங்கை அளவு பனிப்பு. மேலே வலது மூலையில் ஒன்று. கீழே வலது மூலையில் ஒன்று. அவன் அறுத்து எடுத்த மூன்று கட்டில்களின் தலைமாடு இருந்த உயரத்தில். மூன்றும் சேர்ந்து விரிந்தன. சேர்ந்து சுருங்கின. விரிந்தன.

கீழே இடது மூலையில் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

தொங்கிய வயர்களைக் கைகளால் தேடினான். விரல் மரத்திருந்தது. ரப்பரைப் பல்லால் உரித்தான். சிவப்பைச் சிவப்போடு முறுக்கினான். கறுப்பைக் கறுப்போடு. நழுவியது. மறுபடி முறுக்கினான். பிடித்தது.

நெற்றியைத் தகட்டில் வைத்தான். தகடு நடுங்கியது. இல்லை, அவன்தான்.

"நெவெனா, வயரைச் சேர்த்துட்டேன். அடி. ஒரே ஒரு தடவை."