‘பரவாயில்லை’க்குத் தடை

“ஆ!” என்று அலறியது பர்னபாஸ் அல்ல. அவருடைய கையைத் தாங்கிப் பிடித்திருந்த செண்பகவல்லிதான்.

அலறிய கையோடு அவள் சிரிக்கவும் செய்தாள். “கண்டுபிடிச்சிட்டேன்! கைய ஏத்துறப்ப இல்லண்ணே, எறக்குறப்பத்தான் உங்களுக்கு உயிர் போகுது!”

பர்னபாஸ் திருதிருவென்று விழித்தார். தூத்துக்குடிக் கடலுக்குள் வரிசைகட்டி நிற்கும் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுதுபார்ப்பது அவர் வேலை. அறுந்த கம்பிவடம் ஒன்று தோளில் அடித்ததிலிருந்து கரையில் கிடக்கிறார். ‘நல்லா நடிக்கான்’ என்று ஒப்பந்தக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி கோபுரம் ஏறாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பர்னபாஸ் சொல்லிக்கொண்டிருந்தார். காயம்பட்ட தொழிலாளர்களைத் தேற்றி வேலைக்கு அனுப்பும் மீள்பயிற்சி நிலையத்தில், இயன்முறைச் சிகிச்சையாளரான செண்பகவல்லியிடம் அவர் வந்து பல மாதங்கள் ஆகியும் தோள் தேறவில்லை.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. எங்கே அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டாலும் “பரவாயில்லம்மா” என்பார். அதை நம்பி அவள் இன்னும் கொஞ்சம் திருகுவாள். மறுநாள் தோள் பணியாரமாக உப்பியிருக்கும்.

இன்று வலியாடி வந்துவிட்டது. முகம் பார்க்கக் கண்ணாடி இருப்பது போல, வலி பார்க்க ஓர் ஆடி. இருவரும் ஆளுக்கொரு பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நோயாளியின் நரம்பில் ஓடும் வலியை அள்ளிச் சிகிச்சையாளரின் நரம்பில் அப்படியே எழுப்பிவிடும்.

“இவ்வளவு வலிய வச்சுக்கிட்டா பரவாயில்லன்னீங்க?”

“நீங்களும் மெனக்கெட்டுச் செய்யுதிய. ஒங்க மொகம் வாடிரக் கூடாதுல்லா.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “இனிமே இந்த அறைக்குள்ள அந்த வார்த்தைக்குத் தடை. சொன்னா இன்னொரு சுத்து பயிற்சி!”

அதோடு விட்டாளா? தொழிலாளர் வாரியக் கூட்டத்துக்கே போய் மேசையைத் தட்டிச் சண்டை போட்டாள். பட்டை அணிந்த தொழிலாளி எவருக்கானாலும் வலி எல்லை மீறினால், அவருடைய பணி அனுமதியை வலியாடியே பூட்டிவிட வேண்டும். முதலாளி கேட்டாலும் திறக்கக் கூடாது. “ஏன், அந்தத் தொழிலாளியே பரவாயில்லைன்னு சொன்னாலும் திறக்கக் கூடாது!” என்றபோது அரங்கமே கைதட்டியது. விதி அப்படியே நிறைவேறியது.

பயிற்சியைத் தலைகீழாக மாற்றினாள். ஏற்றுவதை விட்டுவிட்டு இறக்குவதைப் பழக்கினாள். அவர் தோளில் குறைந்த ஒவ்வொரு பிடிப்பும் அவள் தோளிலும் குறைந்தது. துள்ளிக் குதிக்காத குறைதான். கடைசிச் சோதனைக்கு வந்த அன்று பர்னபாஸ் துணிப்பையோடு வந்தார். வலியாடியில் பச்சை விளக்கு எரிந்ததும் நேராகப் படகுதான்.

செண்பகவல்லி கட்டைவிரலால் தோளை அழுத்திப் பிடிக்க, அவர் கையை ஏற்றி இறக்கினார். அவளுடைய தோளில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வலது கட்டைவிரல் அடிமூட்டு. வலி எல்லை மீறியது. பணி அனுமதி இல்லை,” என்றது வலியாடி.

பர்னபாஸின் முகம் செத்துவிட்டது. “அய்யோ, அது மொதல்லருந்தே இருக்கும்மா. பட்டைய மாட்டினா வருது, கழத்தினா போயிருது. மெசின் சூடுன்னு நெனச்சேன். பரவாயில்லன்னு விட்டுட்டேன்.”

அவள் அவருடைய கட்டைவிரலை மடக்கினாள், நீட்டினாள். வலிக்கவில்லை என்றார். ஒரு சந்தேகம் மூளைக்குள் பளிச்சென்றது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தன் கட்டைவிரலை மடக்கினாள்.

“ஆத்தாடி!” என்று துள்ளினார் பர்னபாஸ்.

செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நரம்பு ஒருவழிப் பாதை இல்லை! வலியாடி இரண்டு பக்கமும் காட்டுகிறது! இத்தனை நாள் தோள்வலியின் இரைச்சலில் அடங்கிக் கிடந்த அவளுடைய விரல்வலி, தோள் சரியானதும் வலியாடிக்குத் தனியாகக் கேட்கிறது. வருடக்கணக்காக ஊரார் தசையை அழுத்தி அழுத்தித் தேய்ந்த விரல் அது. ஓடிப்போய் வலியாடிக்கு யாருடைய வலி எது என்று பிரித்தறியக் கற்றுக்கொடுத்தாள். அந்தத் திருத்தத்தை அதே சூட்டோடு எல்லா ஊர் நிலையங்களுக்கும் அனுப்பினாள்.

“பர்னபாஸ், பச்சை. பணிக்குச் செல்லலாம்,” என்றது வலியாடி.

அவர் கத்திய கத்தலில் வராந்தாவே அதிர்ந்தது. அவளும் சேர்ந்து கத்தினாள். வலியாடி இன்னும் முடிக்கவில்லை.

“செண்பகவல்லி, சிவப்பு. பணி அனுமதி பூட்டப்பட்டது.”

“நானா? எனக்கென்ன, வெளியில ஆளுங்க காத்திருக்காங்க. தொற!”

“இயலாது.”

“அந்த விதியக் கேட்டு வாங்குனதே நான்தான். பரவாயில்ல, தொற!”

“தொழிலாளியே பரவாயில்லை என்று சொன்னாலும் திறக்கக் கூடாது,” என்று அவளுடைய வாக்கியத்தையே பணிவாக ஒப்பித்தது வலியாடி. சுவர்த்திரையில் மற்ற ஊர் நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மதுரையில் ஒரு சிகிச்சையாளர்கூட மிச்சமில்லை. சேலத்தில் சிகிச்சையாளர் இருவருக்குமே பூட்டு. நோயாளிகளிடம் மட்டுமே இருப்பதாக எல்லோரும் நினைத்திருந்த சொல்தான் அந்தப் ‘பரவாயில்லை’.

இனி அவளுக்கு யார் சிகிச்சை தருவது? அவளுக்குப் பயமாக இருந்தது. அவளுடைய தொழிலுக்கு இருந்த முதல் அந்த இரண்டு கைகளும்தான்.

பர்னபாஸ் துணிப்பையைக் கீழே வைத்தார். அவளை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வலிக்காம்மா?”

“பர…” என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

“சொல்லுங்க, சொல்லுங்க. இன்னொரு சுத்து உண்டு.”

“வலிக்குதுண்ணே,” என்றாள். சொன்னதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “ரொம்ப வலிக்குது.”

“எனக்குத் தெரியும்லா,” என்றார் பர்னபாஸ், தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே. துறையில் படகு ஊதியது. அவர் இன்னும் பட்டையைக் கழற்றவில்லை.