ஒலிக்குதிர் திறந்த நாள்

கீழே வருவதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. புளியங்குறிச்சிக் கிளை நூலகத்தின் பேரகராதி மேல் கை வைத்துச் சத்தியமாகச் சொல்லப்படுகிறது. அந்த அகராதியில் ‘பொய்’ என்ற சொல் வரும் தொகுதியை மட்டும் யாரோ எடுத்துப்போய் இன்னும் திருப்பித் தரவில்லை. மற்றத் தொகுதிகள் பத்திரமாக இருக்கின்றன. சத்தியத்துக்கு அது போதும்.

2049 தை மாதம் நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து, உள்ளே நுழைகிறவர்களுக்கு முதலில் காணாமல் போனது தங்கள் வளையல் சத்தமும் இருமல் சத்தமும்தான். நாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுத்தாலும் பூனை நடந்த மாதிரி இருக்கும். தலைக்கு மேலே மின்விசிறி ஓடுகிறதா என்பதை அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணாந்து பார்க்கச் சோம்பல்பட்டவர்கள் நாளிதழை மடித்து விசிறிக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் மேற்குச் சுவரில் பொருத்தியிருந்த ஒலியுண்ணி. பார்வைக்கு, பித்தளைத் தவலை ஒன்று சுவரில் பாதி புதைந்த மாதிரி இருக்கும். பேச்சு என்பது காற்றின் நடுக்கம். அந்த நடுக்கம் வாயை விட்டுக் கிளம்பி அடுத்தவர் காதுக்குப் போவதற்குள் பொறி அதை உறிஞ்சிவிடும். பொறியைக் கொண்டுவந்து மாட்டிய தொழில்நுட்பப் பையன் பச்சை விளக்கை எரியவிட்டான். பிறகு அதன் அருகில் நின்றுகொண்டு அரைமணி நேரம் விளக்கம் சொன்னான். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் நூலகர் பிரமநாயகத்தின் காதில் விழவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டு, அவனை வழியனுப்பி வைத்தார்.

ஊர் ஜனங்கள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காத இடம் என்று ஊரில் ஒன்று உண்டாகியிருக்கிறது. அதுவரை நூலகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம் வரத் தொடங்கினார்கள். ஆவுடையம்மாளும் மருமகள் முப்பிடாதியும் ஒரே வாரப் பத்திரிகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், மணிக்கணக்கில் வாயசைத்தார்கள். வீடு வெகு அமைதியாகிவிட்டது என்று ஆவுடையம்மாளின் மகன் நூலகத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். பேரூராட்சித் தலைவர் தளவாய் மூலை மேசையில் நின்று மேடைப்பேச்சுக்கு ஒத்திகை பார்த்தார்.

பிரமநாயகமும் மனிதர்தானே. மனைவி போய்ப் பல வருடமாகிவிட்ட, கூச்சம் பிடித்த மனிதர். ஒருவரிடம் புத்தகத்தின் விலையைச் சொல்வதற்கே இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருக்கும் உலகம்மை தினமும் சாயங்காலம் வேலை முடிந்து, டிஞ்சர் வாசனையோடு வந்து ஒரு துப்பறியும் நாவல் எடுப்பார். கல்யாணம் என்ற ஒன்றுக்கு அவருக்கு வேளை வாய்த்ததில்லை. எப்போது நாள் பார்த்தாலும் எங்கேயோ ஒரு பசு கன்று ஈன்றுகொண்டிருக்கும். பிரமநாயகம் புத்தகத்தில் தேதி முத்திரையைக் குத்துவார். குத்தும்போது தலையைக் குனிந்தபடி, ஒலியுண்ணியின் தைரியத்தில், தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்:

“உலகம்மை, மிச்சக் காலத்தச் சேந்து கழிச்சிருவமா?”

முத்திரை மாதிரியே கேள்வியும் ஒரு எழுத்து மாறாது. கேட்டு முடித்ததும் அலமாரியில் ஏதோ அடுக்குவது போலத் திரும்பி நின்றுகொள்வார். மறுபடி அவர் திரும்பிப் பார்க்கும்போது உலகம்மை வாசலைத் தாண்டியிருப்பார். கேட்காத கேள்விக்குப் பதில் வராததில் வருத்தமும் இல்லை. இப்படியே தையும் மாசியும் பங்குனியும் போயின.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ‘இளவேனில் விழா’ நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. குழந்தைகளுக்குக் கதை நேரம், புத்தகங்களுக்கு வெயில் காட்டுதல், உறுப்பினர் சேர்க்கை, கடைசியாக ‘ஒலிக்குதிர் காலி செய்தல், பொதுமக்கள் முன்னிலையில்’.

“இளவேனில்னா என்னவே?” என்று நூலகத்துக்கு வெளியே நின்று கேட்டார் தலைவர் தளவாய்.

“வெயில் அடிக்கதுக்கு முன்னால அடிக்குமே ஒரு வெயில், அது” என்றார் பிரமநாயகம்.

தலைவருக்கு விழா என்ற சொல் போதும். அன்றைக்கே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் பிரமநாயகம் வேப்பமரத்தடியில் நின்று தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

“சார், இந்த ஒலிக்குதிர்னு போட்டிருக்கே, அது என்னது?”

“பொறியோட வயிறுதான். உறிஞ்சுன பேச்சு எங்க போகும்? சக்திய அழிக்க முடியாதுல்ல. அதுல சேரும். சித்திர வெயில் உச்சிக்கு ஏறுச்சுன்னா குதிர் விரிஞ்சு வெடிக்கும். அதனால இப்பவே திறந்து விட்டுரணும். பாதியில நிறுத்துனாலும் வெடிக்கும், பாத்துக்கோங்க.”

“திறந்தா என்ன வெளிய வரும்?”

“உள்ள போனதுதான்.”

பிரமநாயகம் தொலைபேசியை வைத்தார். தன் மானம் போவதில் அவருக்குப் பெரிய கவலையில்லை. அது யாருக்கும் தெரியாத சரக்கு. ஒரு பாவமும் அறியாத பெண்ணின் பெயர் ஊர் நடுவே ஒலிக்கப்போகிறதே! நாளைக்கு அவர் எந்த முகத்தோடு மாட்டுக்கு ஊசி போடுவார்?

செய்தி பரவியதும் ஊர் அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. விழாவை நிறுத்தினால் கட்டடம் போய்விடும். போகாமல் வீட்டிலிருந்தால், தான் பேசியதை அடுத்தவர்கள் மட்டும் கேட்பார்கள். அதனால் மறுநாள் காலையில் கைக்குழந்தை முதற்கொண்டு எல்லோரும் நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உலகம்மை மட்டும் வரவில்லை. பக்கத்து ஊரில் ஒரு சினைமாடு விடிகாலையிலிருந்து சிரமப்படுகிறதாம். அந்த மாட்டுக்குப் பிரமநாயகம் மனத்துக்குள் நன்றி சொன்னார்.

பிடியைத் திருகினார். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. நெல்குதிர் போலத்தான் இதுவும். மேலே முதலில் போட்டது கீழே முதலில் வரும். முதலில் வந்தது தொழில்நுட்பப் பையனின் குரல்.

“இதுல ரொம்ப முக்கியமானது ஒண்ணு சார். இங்க பேசற எல்லாமே உள்ள பதிவாகிரும். அதனால இங்க ரகசியம் எதுவும் பேசிராதீங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லிருங்க.”

சபையே பிரமநாயகத்தைத் திரும்பிப் பார்த்தது.

“இன்னொண்ணு, ஒரு தடவ சொன்னத மறுபடி சொன்னா இது சேத்துக்காது. யாரு சொன்னாலும் சரி. மனுசங்க பேசறதுல முக்காவாசி ஏற்கெனவே பேசுனதுதான் சார். அத வடிகட்டிட்டா ஒரு ஊரோட மூணு மாசப் பேச்சு ஒரு பகல்ல முடிஞ்சிரும்.”

அடுத்தது தலைவரின் ஒத்திகை. மூன்று மாதம் கைவீசி முழங்கிய அத்தனையும் வடிகட்டியதில் ஒரே வாக்கியமாக வந்தது: “வாய்க்கால் பணி விரைவில் தொடங்கும்.” கூட்டம் சிரித்ததில் சுவர்க்கடிகாரம் ஆடியது. தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு ஆவுடையம்மாளின் குரல்: “இவளுக்கு ஒரு நல்ல வார்த்த பேசத் தெரியுமா? வாயத் தொறந்தா வேப்பங்கா.” எல்லோரும் மருமகளின் குரலுக்குக் காத்திருந்தார்கள். வரவில்லை. முப்பிடாதிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“நானும் அதத்தான அத்த சொன்னேன், எப்படி வராமப் போச்சு?”

“அதேயா சொன்ன?”

“ஒரு எழுத்து மாறல அத்த. வேப்பங்கா உட்பட.”

ஆவுடையம்மாள் சற்று யோசித்தார். “அப்ப என்கிட்டதான் படிச்சிருக்க” என்று சொல்லி மருமகளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது வந்தது. தொண்டைச் செருமல் இரண்டு. பிறகு, “உலகம்மை, மிச்சக் காலத்தச் சேந்து கழிச்சிருவமா?”

பிரமநாயகம் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்தார். இருந்தாலும் கேள்வி ஒரே ஒரு தடவைதானே, இதோடு முடிந்தது என்று அவர் நிமிர்வதற்குள் இன்னொரு குரல் வந்தது. உலகம்மையின் குரல்.

“என்னத்தையோ மொணங்குதாரே மனுசன்.”

அவர் சட்டென்று பொறியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து யாரோ புளி விலையைப் பற்றிப் புலம்பினார்கள், யாரோ அண்ணனைத் திட்டினார்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊரே உலகம்மைக்காகக் காத்திருந்தது.

“ஓ! அதுவா சேதி!”

“மாடு என்ன சொல்லுதுன்னே எனக்குத் தெரியும். ஒம்ம வாய் என்ன சொல்லுதுன்னு தெரியாதாக்கும்?”

அவருடைய கேள்வி முத்திரை குத்தியதுபோல ஒன்றே. குதிர் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. உலகம்மையின் பதில்களோ ஒன்றைப் போல ஒன்று இல்லை. அதனால் அத்தனையும் பத்திரமாக இருந்தன. நாள் முழுக்க, மற்றவர்களின் வசவுகளுக்கும் புலம்பல்களுக்கும் நடுவே ஒவ்வொன்றாக வந்தன.

“மொதல்ல அந்தக் காதுல வளந்திருக்க காட்ட வெட்டிட்டு வந்து கேளும்.”

கொஞ்ச நேரத்தில்: “யம்மா, வெட்டிட்டாரே! காதுல விழுந்துட்டோ?”

“அது நம்ம கைங்கரியம்” என்று சலூன் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்குச் சமைக்கத் தெரியாது. இப்பமே சொல்லிட்டேன்.”

“இன்னிக்குப் பதில் கெடையாது. கன்னுக்குட்டி ஒண்ணு செத்துப்போச்சு.”

அழுகையோடு வந்த அந்தக் குரலுக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சாயங்காலம் பிரமநாயகத்துக்கு நினைவிருந்தது. முத்திரை குத்திக் கேட்டுவிட்டு வழக்கம்போல் திரும்பி நின்றிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒருவர் அழுதிருக்கிறார். அவர் புவியியல் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்து சன்னல் வழியாக மேசை மேல் ஏறியபோது வந்தது: “ஒம்ம வீட்டுக்காரி போட்டோவக் கழட்டிராதேரும். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்தினார். பிரமநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியைத்தான் என்பதற்கும் சத்தியம் உண்டு.

கடைசியில், குதிரில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது, முந்தின நாள் சொன்னது வந்தது.

“நாளைக்கு இந்தக் குதிரு காலியாவும்லா? அப்ப வந்து ஒம்ம மூஞ்சிக்கு நேரா, ஊரறியச் சொல்லுதேன்.”

அந்த நேரத்துக்குச் சரியாக வாசலில் உலகம்மை வந்து நின்றார். சேலை ஓரத்தில் சேறு, கையில் மடக்கிய குடை, முகத்தில் கன்று நல்லபடியாகப் பிறந்த களை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அவர் நேராக மேசைக்கு வந்தார். முதல் முறையாகப் பிரமநாயகம் அலமாரிப் பக்கம் திரும்பாமல் நின்றார்.

உலகம்மை வாயைத் திறந்து சொன்னார்.

குதிர் காலியானதும் பொறி தானாகவே பழைய வேலைக்குத் திரும்பும் என்று உத்தரவின் கடைசி வரியில் போட்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உதடு அசைந்ததை ஊர் பார்த்தது. நீளமான வாக்கியம். நடுவில் ஒரு சிரிப்பு. ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. பிரமநாயகம் “என்ன?” என்று கேட்டார். அதுவும் கேட்கவில்லை. தலைவர் எழுந்து நின்று கத்தினார். குழந்தைகள் கைதட்டின. எல்லாமே மீன்தொட்டி போல இருந்தது. உலகம்மைக்கு விஷயம் புரிந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சுவரிலிருந்த தவலையைக் காட்டினார், நாட்காட்டியைக் காட்டினார். அடுத்த இளவேனிலுக்குக் கேட்டுக்கொள்ளும் என்று அர்த்தம்.

சொல்லிவிட்டு வெளியே போய், வாசலில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். போகவில்லை. நின்றார். குடையைக் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். அந்தப் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடமிருந்தது.

பிரமநாயகம் தேதி முத்திரையைக் கீழே வைத்தார். வேலை நேரம் முடியுமுன் அவர் நூலகத்தை விட்டு இறங்கியது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு புளியங்குறிச்சியில் ஒரு விநோதம் நடந்தது. சொன்னதையே சொன்னால் குதிர் சேர்க்காது என்று தெரிந்துபோனதால், அடுத்த விழாவில் தங்கள் குரல் வராமல் போய்விடுமோ என்று எல்லோருக்கும் பயம் பிடித்தது. ஏற்கெனவே சொல்லாத வசவு வேண்டும், ஏற்கெனவே கேட்காத கொஞ்சல் வேண்டும். அதற்கு எங்கே போவது? அலமாரிக்குத்தான். ஆவுடையம்மாள் கவிதைப் புத்தகங்களில் தொடங்கினார்; மருமகள் பின்தங்கவில்லை. தலைவர் அகராதியில் ஒரு தொகுதியை வீட்டுக்கு எடுத்துப்போனார். நூலகத்துக்கு உள்ளே பேசுவதற்காக வந்த ஊர், வெளியே வாய் திறக்க நேரமில்லாமல் படிக்க ஆரம்பித்தது. உலகம்மை சொன்ன நீளமான வாக்கியம் குதிரின் அடியில் பத்திரமாக இருக்க, அடுத்த சித்திரைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

அந்தப் புதுக் கட்டடத்துக்கு முதன்முதலாக மின் இணைப்பு கிடைத்தது, அதே 2049 ஆவணி மாதத்தில்தான்.