கூண்டு வண்டியில் செவத்தி

செவத்தி காணாமல் போய்ப் பல நாட்கள் ஆகியிருந்தன. செவத்தி என்றால் அருளாயி வீட்டுச் சிவப்புக் கோழி. கீரிப்பிள்ளை பிடித்திருக்கும் என்றார் அப்பா சூசைராஜ். நரிதான் என்று அடித்துச் சொன்னான் தம்பி ராயப்பன். அவன் நரியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதன் வால் இவ்வளவு நீளம் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

அவர்கள் வீடு ஆவூருக்கு நாலு கல் தள்ளி, கடலைக் கொல்லைக்கு நடுவில் இருந்தது. ஒரு கிணறு, ஒரு மாட்டுக்கொட்டகை, இரண்டு மாமரங்கள், சுற்றிலும் வேம்பு. பங்குனி பிறந்துவிட்டால் அங்கே யாருக்கும் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காது. வேப்பம்பூ தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். மாமரத்தில் பிஞ்சுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

அந்தப் பங்குனியில் வீட்டில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அம்மா இன்னாசியம்மாளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அப்பா கொல்லையிலிருந்து வரும்போதெல்லாம் மடியில் மாங்காய் கட்டிக்கொண்டு வருவார். அம்மா உப்புத் தொட்டு ஒரு துண்டு தின்பாள். மீதியெல்லாம் ராயப்பன் வாய்க்குள் போகும்.

"ஏன்டா, மசக்கை ஒனக்கா, ஒங்க ஆத்தாளுக்கா?" என்று அப்பா கேட்பார்.

"எனக்கும் கொஞ்சம் இருக்குப்பா" என்பான் அவன், மென்றுகொண்டே.

பத்து வயது அருளாயிக்கு மாங்காய் மேல் அவ்வளவு ஆசை இல்லை. அவளுக்கு அம்மாவின் வயிற்றோடு பேசத்தான் பிடிக்கும். தண்ணீர் இறைத்துவிட்டு வந்தால் "இன்னைக்குக் கிணத்துல ஒரு தவளை பாத்தேன்" என்று வயிற்றிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இயேசு சாமி உயிர்த்த ஞாயிற்றுக்கிழமை ஆவூரில் பாஸ்கா தேர் ஓடும். அதைப் பார்க்க வேண்டும். அவள் பிறந்ததே ஆவூரில்தான். கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து ஒரு வருஷம்கூட அவள் தேர் பார்க்காமல் இருந்ததில்லை. மற்ற வருஷங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவாள். இந்த வருஷம் அது முடியாது.

"கூண்டு வண்டியக் கட்டிருவோம். ஒன்னைப் பூ மாதிரி கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மஞ்சள் சேலையைத் துவைத்து மடித்து வைத்தாள். ராயப்பன் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். தேர் எப்படி வரும், எங்கே திரும்பும் என்று தினமும் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கொட்டகைக்குள் போனார். உயிர்த்த திருநாளுக்கு முன்னால் தபசுக் காலம் வரும். அந்த நாட்களில் கல்யாணம் இல்லை, விருந்து இல்லை. கறி, முட்டை எதுவும் சமைக்க மாட்டார்கள். போக வர வேலை இல்லாததால் கூண்டு வண்டியும் கொட்டகையில் சும்மா நின்றது. அச்சுக்கு மை போட்டுவிட்டு, பழைய வைக்கோலை எடுத்துப் புதியது பரப்பலாம் என்று அப்பா கூண்டுக்குள் கையை விட்டார்.

"ஆத்தாடி" என்று கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். வைக்கோலுக்கு நடுவில், இறக்கையை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது செவத்தி. அதன் அடியில் முட்டைகள்.

"பாவம், கீரிப்பிள்ளைய அநியாயமாத் திட்டிட்டேன்" என்றார் அப்பா.

"நரியவும்" என்றான் ராயப்பன்.

வீட்டில் யாரும் முட்டை தேடாத காலம் பார்த்து, யாரும் ஏறாத வண்டி பார்த்து, செவத்தி சத்தம் போடாமல் குடித்தனம் தொடங்கியிருக்கிறது. கோழிக்கு மூளை இல்லை என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

அப்பா ஒரு கூடையில் வைக்கோல் போட்டார். முட்டைகளை அதில் அடுக்கி, செவத்தியைப் பிடித்து மேலே உட்கார வைத்து, அடுப்படி மூலையில் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் செவத்தி கூடையை விட்டுக் குதித்தது. கொக்கரித்துக்கொண்டே ஓடி, மறுபடி வண்டிக்குள் ஏறி, முட்டையே இல்லாத வைக்கோலில் உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு முறை பிடித்தார். இன்னொரு முறையும் ஓடியது. இந்த முறை அப்பாவின் இன்னொரு கையிலும் கொத்து விழுந்தது.

"விட்டுருங்க. முட்டையக் கொண்டாந்து அது இருந்த எடத்துலயே வச்சிருங்க" என்றாள் அம்மா.

"அப்ப வண்டிய எப்படிக் கட்டுறது?"

"கோழியோடயே போவோம். அதுவும் தேர் பாக்கட்டும்" என்றான் ராயப்பன்.

"போற ரோடு ஒனக்குத் தெரியாது? ஊருணி தாண்டுறதுக்குள்ள முட்டையெல்லாம் ஒடைஞ்சிரும்" என்றார் அப்பா. "வேற வண்டி கேக்கலாம்னாலும் எல்லாம் காலையிலயே ஆள் ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. பேசாம அதைத் தூக்கி வெளிய விடப் போறேன்."

"வேணாம்ங்க." அம்மா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அதுவும் என்னை மாதிரிதானே உக்காந்திருக்கு. அதைக் கலைச்சிட்டுப் போனா எனக்குத் தேர் பாத்த மாதிரியே இருக்காது. நான் அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உள்ளே போய், மடித்து வைத்திருந்த மஞ்சள் சேலையை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். அதை அருளாயி பார்த்துவிட்டாள்.

அவள் கொட்டகைக்குப் போய் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். செவத்தி முட்டைகளை அலகால் தள்ளித் தள்ளி வயிற்றுக்கு அடியில் சேர்த்துக்கொண்டிருந்தது.

'முட்டை கூடையில் இருந்ததே, அப்புறம் ஏன் ஓடி வந்தது?' என்று அருளாயி யோசித்தாள். அவளும் குனிந்து கூண்டுக்குள் தலையை நுழைத்தாள். உள்ளே குளிர்ச்சியாக, அரை இருட்டாக இருந்தது. மூங்கில் பாய் தலைக்கு மேல் வளைந்திருந்தது. பழைய வைக்கோல் வாசனை. வெளியே வரவே அவளுக்கு மனமில்லை.

சட்டென்று தலையை வெளியே எடுத்தாள். போன அறுவடைக்குக் கடலை மூட்டை ஏற்ற அப்பா என்ன செய்தார்? கயிற்றை அவிழ்த்து, கூண்டைத் தனியாக இறக்கி வைத்தாரே.

"அப்பா, அதுக்கு வண்டி வேணாம்ப்பா. கூண்டுதான் வேணும்" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி, "பெரியகருப்பா, ஒரு கை பிடிக்க வா" என்று பக்கத்துக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டார்.

வெயில் ஏறியபோது செவத்தி தானாகவே இரை தேடி இறங்கியது. அருளாயி கொஞ்ச தூரத்தில் கம்பு தூவி அதை மெல்ல அழைத்துப் போனாள். அது கொத்தித் தின்பதற்குள் மூன்று பேரும் வேலையை முடித்தார்கள். ராயப்பன் முட்டைகளை முறத்தில் எடுத்தான், மூச்சுக்கூட விடாமல். அப்பாவும் பெரியகருப்பனும் கூண்டைத் தூக்கினார்கள். வண்டியை வெளியே இழுத்தார்கள். வண்டி நின்ற அதே இடத்தில் கூண்டைத் தரையில் வைத்து, அதே வைக்கோலைப் பரப்பி, முட்டைகளை நடுவில் வைத்தார்கள்.

செவத்தி வந்தது. நின்றது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது. கூண்டை ஒரு சுற்றுச் சுற்றியது. அம்மா வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

செவத்தி உள்ளே நுழைந்தது. முட்டைகளை அலகால் தள்ளிச் சேர்த்தது. இறக்கையை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஆத்தா, சேலையக் கட்டு" என்றாள் அருளாயி.

"வெயிலு மண்டையப் பொளக்குதே. கூண்டு இல்லாம இவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

அதையும் அருளாயி யோசித்து வைத்திருந்தாள். வண்டியின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, மேலே அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டச் சொன்னாள். சூடு இறங்காமல் இருக்க வேட்டியின் மேல் பச்சைப் பனையோலை. பக்கங்களில் பூவோடு ஒடித்த வேப்பங்கொத்து. ராயப்பன் தன் பங்குக்கு மாடுகளின் கொம்பில் செம்பருத்தியைச் சுற்றினான். அதில் ஒன்றை ஒரு மாடு தின்றுவிட்டது. அவன் வேறு பூ தேடி ஓடினான்.

"நீங்க போயிட்டு வாங்க. கூண்டோட ரெண்டு வாசலுக்கும் சாக்கு தொங்கவிட்டு, கீரி வராம நான் பாத்துக்கிறேன்" என்றார் பெரியகருப்பன்.

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் குஞ்சுகள் பொரித்தன. சித்திரையில் அருளாயிக்குத் தங்கச்சி பிறந்தாள். அந்தக் கதையெல்லாம் இருக்கட்டும். இப்போது வண்டி புறப்பட்டுவிட்டது, நாமும் பின்னால் போவோம்.

அப்பா மாடுகளை மெல்ல நடத்தினார். பள்ளம் வந்தால் இறங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் சேலையில், வேப்பங்கொத்துகளுக்கு நடுவே, வைக்கோல் மெத்தையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வழியில் போகிறவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆவூரில் எள் போட இடமில்லை. வண்டி ஊருக்கு வெளியே நின்றுவிடும் என்று அப்பா நினைத்தார். அப்போது கூட்டத்தில் ஒருவர் வண்டியைப் பார்த்தார்.

"ஏப்பா, சின்னத் தேரு ஒண்ணு வருது, வழி விடுங்க" என்று குரல் கொடுத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். வண்டியில் இருப்பது பிள்ளைத்தாச்சி என்று தெரிந்ததும் ஆளுக்கு ஆள் சொல்லி வழி விட்டார்கள். "பாத்து, பாத்து, மெதுவா" என்று மாட்டுக்கே புத்தி சொன்னார் ஒருவர். தேர் திரும்பும் முனைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த இடமும் கிடைத்தது.

மேளம் முழங்கியது. கோயில் மணி அடித்தது. எல்லாத் தலைகளுக்கும் மேலே, பூவும் சுடருமாகத் தேர் அசைந்து வந்தது.

அம்மாவின் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. தேர் முனையில் திரும்பும்போது அவள் சொன்னாள்.

"இம்புட்டு வருஷமும் அடுத்தவங்க தோளுக்கு இடையில எட்டி எட்டித்தான் பாத்திருக்கேன். கூண்டு இருந்திருந்தா இன்னைக்கும் மாட்டு முதுகத்தான் பாத்திருப்பேன். முழுத் தேரையும் இப்பத்தான் பாக்குறேன், அருளாயி."

அருளாயி அம்மாவை நெருங்கி உட்கார்ந்தாள். மேளம் மறுபடி ஓங்கியது. அம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை. அப்புறம் இன்னொன்று.

"அதுக்கும் பாக்கணுமாம்" என்றாள் அம்மா.

அருளாயி வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அவசரப்படாத. நான் சொல்றேன், கேளு" என்று தொடங்கினாள். "இப்பத் தேரு நமக்கு நேரா வந்திருச்சு."